திராட்சை காயும் வீட்டின் ஜன்னல்காரி

செப்டம்பர் 8, திங்கள்

இன்று டென்மார்க்கிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். குடும்ப வரலாற்றை வழக்கம்போல ஒப்பித்தேன். கொள்ளுத்தாத்தா அன்செல்மோ: பட்டு வியாபாரம் படுத்துப்போனதும், புழு வளர்த்த மூங்கில் தட்டிகளைத் தூக்கியெறிய மனசு வராமல் அவற்றில் திராட்சையைப் பரப்பிக் காயவைத்தவர். தாத்தா கௌதென்ஸியோ: காய்ந்த திராட்சையில் செய்த இனிப்பு ஒயினை ஒரு பீப்பாயில் ஊற்றி மறந்தே போனவர். அது தன் இனிப்பையெல்லாம் தானே தின்று தீர்த்து, கசப்பும் வீரியமுமாக அமரோனே என்ற ஒயினாகி நின்றதாம். (இத்தாலியில் எங்கள் வால்பொலிச்செல்லாப் பக்கம் பீப்பாயை மறக்காத தாத்தா ஒருவர்கூடக் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் இதே கதை. இத்தனை ஞாபகமறதிக்காரர்கள் சேர்ந்து எப்படித்தான் வியாபாரம் செய்தார்களோ.) அடுத்து என் மாமனார் எவாரிஸ்தோ: உலர்த்தும் மாடியில் முதன்முதலாக மின்விசிறி வைத்தவர். விசிறி சுற்றிய வேகத்தில் முதல் நாளே திராட்சை சுவரில் போய் ஒட்டிக்கொண்டதை, அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் மட்டும் சொல்வேன். இன்று இல்லை. சொன்னேன்.

"உங்கள் கணவர் என்ன கண்டுபிடித்தார்?" என்று ஒரு டென்மார்க் அம்மாள் கேட்டாள்.

"கியோஜாவில் என்னை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அவரைப் பார்க்கலாமா?" என்றாள். துயிலியோ போய் நான்கு வருடம் ஆகிறது என்றேன். அவ்வளவுதான், பஸ்ஸில் ஏறும்வரை யாரும் பேசவில்லை. ஆனால் ஒயின் நிறைய வாங்கினார்கள். துக்கத்துக்கு விற்பனை நன்றாக இருக்கிறது.

சாயங்காலம் என் பால்ய சிநேகிதி தெக்லா போன் செய்தாள். நான் பிறந்த கடலோர ஊரான கியோஜாவில் கால்வாய் ஓரத்தில் அவளுடைய மீன் பொரிக்கும் கடை. கூட்டாளி விலகிவிட்டாளாம். "வாடி நெரீனா. நம்ம ஊருக்கு வா. பாதிக் கடை உன்னது. சான் மார்த்தினோ வரைக்கும்தான் காத்திருப்பேன். அதுக்கப்புறம் என் நாத்தனார் மகளைச் சேர்த்துக்குவேன். அவளுக்கு மீனும் தெரியாது, மரியாதையும் தெரியாது."

சான் மார்த்தினோ என்றால் நவம்பர் பதினொன்று. அந்தக் காலத்தில் குத்தகைக்காரர்கள் கட்டில், கோழி, கிழவி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி வேறு பண்ணைக்குக் குடிபோகும் நாள். இன்றைக்கும் வீடு மாறுவதை 'சான் மார்த்தினோ செய்வது' என்றுதான் சொல்வோம்.

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் இந்த நோட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 19, வெள்ளி

அறுவடை. காற்று நுழைகிற மாதிரி தளர்வாக இருக்கும் கொத்துகளை மட்டும் பொறுக்கி, தட்டியில் ஒன்றோடொன்று உரசாமல் படுக்கவைக்க வேண்டும். என் முதுகைப் படுக்கவைக்க ஒரு தட்டி இருந்தால் தேவலை.

இன்றே சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அறுவடை நடுவில் எப்படிச் சொல்வது? இதுதான் என் கஷ்டம். ஒயின் வீட்டின் வருடத்தில் வெளியேற ஓர் இடுக்கு கிடையாது. அறுவடை முடிந்தால் உலர்த்துதல். உலர்ந்தால் ஜனவரியில் பிழிதல். பிழிந்தால் கொடி வெட்டுதல். வெட்டினால் ஏப்ரல் ஒயின் கண்காட்சி. அது முடிந்தால் டென்மார்க்காரர்கள். அவர்கள் போனால் அறுவடை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'இது முடியட்டும்' என்று இருக்கிறேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று.

செப்டம்பர் 20, சனி

மூடுபனி. ஈரம் பட்டால் திராட்சை பூஞ்சை பிடிக்கும், ஓடிப்போய் உலர்த்தும் மாடியின் ஜன்னல்களை மூடினேன். வெயில் வந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். ஜனவரி வரை இதுதான் என் உடற்பயிற்சி, பொழுதுபோக்கு, பக்தி எல்லாம்.

இந்த வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. துயிலியோ செய்துவந்தது. அவரை அடக்கம் செய்த மறுநாள் பனி இறங்கியது. மாமா நாற்காலியில் அசையாமல் இருந்தார். நாத்தனார் ஃபோஸ்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். திராட்சைக்குத் துக்கம் தெரியுமா? கறுப்பு உடையோடு நானே ஏறிப்போய் மூடினேன். இறங்கி வந்தபோது நான் ஜன்னல்காரி ஆகியிருந்தேன்.

செப்டம்பர் 27, சனி

மாமா புதிதாக ஒன்றை வாங்கியிருக்கிறார்! எண்பத்தொரு வயதில். வெரோனாவிலிருந்து ஓர் இயந்திரப் பெட்டி. காற்றில் ஈரம் ஏறினால் ஜன்னல்களைத் தானே மூடும், இறங்கினால் தானே திறக்கும். பெட்டிக்குச் 'சீமாட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்.

ஈரம் பார்க்கும் கண்ணை மாடியின் நடுவில் வைக்க வேண்டும் என்றார் பொருத்த வந்தவர். மாமா கேட்கவில்லை. சமையலறையிலிருந்து மாடிக்கு ஏறும் படிக்கட்டின் தலைமாட்டில் வைக்கச் சொன்னார்.

"ஏன் ஐயா அங்கே?"

"நான் இங்க நாற்காலியில உட்கார்ந்து அவளைப் பார்க்கணும். அவ என்னைப் பார்க்கணும்."

பணம் கொடுப்பவர் பேச்சு. வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 3, வெள்ளி

ஃபோஸ்காவிடம் சொல்லிவிட்டேன். ஒயின் படிப்புப் படித்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், மூக்கு மட்டும் உயிரோடு இருப்பவள். (இதை அவளே தன்னைப் பற்றிச் சொல்வாள், நான் திருடியதுதான்.) பீப்பாய் ஒன்றிலிருந்து ஒயினை எடுத்து வாயில் வைத்துக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். துப்பிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"போங்க அண்ணி. யாரு வேணாங்கறா? ஜனவரியில பிழிஞ்சு முடிச்சுட்டுப் போங்க."

"சான் மார்த்தினோவுக்கு, ஃபோஸ்கா."

"அப்ப ஜன்னலை யாரு பார்ப்பா?"

"சீமாட்டி இருக்காளே."

"அப்பாவோட விசிறியும் இருந்துச்சு. திராட்சை சுவத்துல இருந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அடுத்த பீப்பாய்க்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

மாமாவிடமும் சொல்லியாயிற்று. மதியச் சாப்பாட்டில். முயல் கறி. நான் பேசி முடித்ததும், "மிளகு எங்க?" என்றார். மிளகு அவர் கையருகே இருந்தது. தூவினார். மறுபடி தூவினார். கறி கறுத்தது.

கறியைக் கிளறிக்கொண்டே: "சீமாட்டி ஒழுங்கா வேலை செஞ்சா, நீ போயிட்டு வா."

போயிட்டு வாவாம்! போ என்று சொல்ல அவர் வாய்க்கு வரவில்லை. இருக்கட்டும். பேச்சு பேச்சுதான். என் விடுதலை இப்போது ஒரு பெட்டியின் கையில். நேற்றுவரை அதைத் திட்டிக்கொண்டிருந்தவள், இன்று மெல்லிய துணியால் துடைத்தேன். கண்ணே, ராசாத்தி, காலை வாரிவிடாதே என்று கெஞ்சினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் அடர்ந்த பனி. நான் காப்பிக் கோப்பையோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். மேலே டக், டக், டக் என்று ஜன்னல்கள் வரிசையாக மூடிக்கொண்டன. அந்தச் சத்தத்துக்கு ஈடாக எந்தச் சங்கீதமும் இல்லை.

காப்பி ஆறுவதற்கு முன்னால் குடித்தேன். அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஏறிப்போய் ஒவ்வொரு ஜன்னலாகத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் மூடியிருந்தாள், சனியன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தெக்லாவிடம் பெட்டி கட்டுகிறேன் என்று சொன்னேன். "பெரிய வாணலி வாங்கிட்டேன்" என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்

மலையிலிருந்து வறண்ட காற்று. துணி காயப்போட்ட வேகத்தில் காய்ந்தது. இந்த மாதிரிக் காற்றுக்காகத்தான் திராட்சை தவம் கிடக்கிறது. மதியம் பார்த்தால் ஜன்னல்கள் மூடியிருக்கின்றன! எல்லாம்!

வெரோனாவுக்குப் போன் செய்தேன். "எங்களுக்கு இங்கிருந்தே தெரிகிறது, சரியாகத்தான் வேலை செய்கிறது, உங்கள் மாடியில் ஈரம் அதிகம்" என்றார்கள். ஈரமா? என் கண்ணிலா, மாடியிலா?

அக்டோபர் 24, வெள்ளி

நேற்றும் மூடினாள், இன்றும் மூடினாள். மதியம் மூடி, சாயங்காலம்தான் திறக்கிறாள். ஃபோஸ்கா மூக்கைத் தூக்கிக்கொண்டு மாடியைச் சுற்றிவந்தாள். படிக்கட்டுப் பக்கத்து மூலையில் நின்றாள். ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினாள். சாம்பல் பூஞ்சை. எலிக்குட்டி மாதிரி மயிர்.

"பாருங்க அண்ணி. நம்ம கொர்வீனா திராட்சையைப் பாருங்க."

மாமாவும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவந்தார். பூஞ்சையைப் பார்த்துவிட்டு, "சில பூஞ்சையில நல்ல ஒயின் வரும்ல? புதுசா ஒண்ணு போட்டுப் பார்ப்போமே" என்றார்.

"அப்பா, இதுல வினிகர்கூட வராது. பன்றிக்குப் போட்டா பன்றி நம்ம மேல கேஸ் போடும்."

அந்த மூலையிலிருந்த தட்டிகளை எல்லாம் காலி செய்தோம். குப்பைக்குப் போகும் கூடைகளை அவர் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கீழே வந்ததும் ஃபோஸ்கா சொன்னாள்: "பெட்டியை நம்ப முடியாது. நீங்க இருந்தாகணும். ஜனவரி வரைக்குமாவது."

ஜனவரி. அப்புறம் கொடி வெட்டுறது. அப்புறம் கண்காட்சி. ஐயோ, நான் செத்தா என்னையும் தட்டியில போட்டுக் காயவச்சுடுவாங்க போல. வருடம் போட்டு, மரப்பீப்பாயில அடைச்சு, டென்மார்க்காரங்களுக்கு வித்துடுவாங்க. மூச்சு முட்டுது. இந்த வீட்டுல இத்தனை ஜன்னல் இருந்து எனக்கு மட்டும் ஏன் மூச்சு முட்டுது?

அக்டோபர் 25, சனி

தெக்லாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி ஜன்னல் வேலை. ஏறினேன், இறங்கினேன். முழங்கால் முனகியது, நானும் கூட முனகினேன்.

அக்டோபர் 29, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! இந்த வீட்டில் நானும் ஒன்று கண்டுபிடித்தேன், என் படத்தையும் சுவரில் மாட்டுங்கள்.

பொலெண்டா!

எங்கள் ஊர்க் களி அது: மக்காச்சோள மாவைச் செப்புக் குண்டானில் போட்டு, முக்கால் மணி நேரம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆவி அடுப்பிலிருந்து நேராகப் படிக்கட்டு வழியாக ஏறி, சீமாட்டியின் கண்ணில் போய் விழுகிறது. மாடி முழுக்க மழை என்று நினைத்து அவள் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறாள். படிக்கட்டுக் கதவை மூடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மூச்சு முட்டுகிறது என்று மாமாதான் திறந்து வைக்கிறார். பத்து நாளாக மதியச் சமையல் அவருடையது. வாழ்நாளில் முட்டைகூட அவிக்காத மனிதர், "நீ போயிட்டா நான்தானே செய்யணும், பழகிக்கிறேன்" என்றார். எனக்குக் கண் கலங்கியது. பாதிரியாரின் சமையல்காரி வரை இந்தப் பெருமையைப் பரப்பியும் விட்டேன்.

அவரிடம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"அப்படியா!" என்றார். "அட! பொலெண்டாவா? அட!"

நாடகத்தில் சேவகன் வேஷம் போட்டவர் மாதிரி இருந்தது. என் சந்தோஷத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இனிமே கதவைச் சாத்திட்டுக் கிளறுங்க மாமா."

"சாத்திடுறேன்."

அக்டோபர் 31, வெள்ளி

வறண்ட காற்று. மதியம். ஜன்னல்கள் மூடியிருக்கின்றன.

சமையலறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. செப்புக் குண்டான் அடுப்பில் இல்லை. சின்ன கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்கட்டின் மேல்படியில், பெட்டியின் கண்ணுக்கு நேர் கீழே வைத்திருந்தார். அதன் மேல் குண்டான். பக்கத்தில் அவர், கையில் கிளறும் கட்டையோடு. கொதிக்கிறது. எட்டிப் பார்த்தேன்.

வெறும் தண்ணீர்.

"மாவு எங்க மாமா?"

"மறந்துட்டேன்."

"இந்த வீட்டுல எல்லாரும் மறப்பாங்க, தெரியும். ஆனா வெறும் தண்ணியை யாராவது கிளறுவாங்களா?"

கட்டையைத் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. விசிறி வாங்கியவர், ஒயினுக்கு இரும்புத் தொட்டி வாங்கியவர், ஒரு திராட்சை தரையில் விழுந்தால் பொறுக்கி ஊதித் தட்டியில் வைப்பவர். அவர் தன் திராட்சைக்குத் தானே ஆவி பிடித்துக் கெடுத்திருக்கிறார். அந்தக் கூடைகளை ஏன் பார்க்காமல் நின்றார் என்று இப்போதுதான் புரிந்தது.

அடுப்பை அணைத்தேன். அந்தக் கனமான குண்டானை எப்படித்தான் தூக்கிக்கொண்டு ஏறினாரோ. கீழே இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆளுக்கொரு காதைப் பிடித்து இறக்கினோம்.

இப்போது எப்படிப் போவேன்? ஜன்னலுக்காக இருக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம். இதற்கு என்ன சொல்ல?

நவம்பர் 2, ஞாயிறு

இறந்தவர்கள் நாள். கல்லறைக்கு நானும் ஃபோஸ்காவும் மட்டும் போனோம். மாமா முழங்கால் வலி என்றார். குண்டான் தூக்கினால் வலிக்காதா. துயிலியோவின் கல்லைத் துடைத்து, சாமந்திப் பூ வைத்தேன். இவளிடம் தண்ணீர் விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள்ளேயே போராடிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்.

"அப்பா வெந்நீர் போடுறது எனக்கு முன்னாடியே தெரியும் அண்ணி."

"எப்பலேருந்து?"

"பூஞ்சை பார்த்த அன்னைக்கே. அந்த மூலையில மட்டும் வெந்நீர்ல காய்ஞ்ச செப்புக் குண்டான் வாசனை."

"தெரிஞ்சுமா என்னைப் பெட்டிமேல பழிபோட விட்ட? உன் திராட்சைடி அது! ஒரு கொத்து கெட்டா மூணு நாள் சாப்பிட மாட்டியே!"

அவள் அண்ணனுடைய கல்லில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க இல்லாம சாப்பாட்டு மேசையில நானும் அப்பாவும் என்ன பேசுவோம்? மிளகு எங்கங்கறதைத் தவிர?"

எனக்கு வந்த கோபத்தில் துயிலியோவைத்தான் திட்டினேன், மனசுக்குள். இப்படி ஒரு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, நீ மட்டும் சௌகரியமாகப் படுத்திருக்கிறாயே.

"போகாதீங்க அண்ணின்னு சொல்லேன்" என்றேன். "ஒரு தடவை சொல்லு. கேட்டுப் பார்க்கிறேன்."

அவள் நகத்திலிருந்த பாசியைத் துடைத்துக்கொண்டாள். "பஸ் வந்துடும், வாங்க" என்றாள்.

நவம்பர் 5, புதன்

தெக்லாவின் போனை எடுக்கவில்லை. இரண்டு தடவை.

நவம்பர் 6, வியாழன்

யோசித்துப் பார்த்தால், ஒருவர் தண்ணீர் காய்ச்சிப் பிடித்துவைக்கிறார், ஒருத்தி வாயை மூடிப் பிடித்துவைக்கிறாள். நானும் சும்மா இல்லை. எப்போதும் ஏதாவது கிண்டலடித்து மேசையைக் கலகலப்பாக வைத்திருக்கிறேன். அந்த இருவரும் பேசவே தேவைப்படாதபடி பார்த்துக்கொண்டது நான்தான். என் வாயே எனக்குப் பூட்டு. நன்றாக இருக்கிறது. இதையும் வேடிக்கையாக எழுதிவைக்கிறேன் பார்.

இன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் மாமா, "சூப்பு சூடா இருக்கு" என்றார். ஃபோஸ்கா, "ஆமா" என்றாள்.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சூப்பைக் குடித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் பூசை முடிந்து வந்ததும் ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். சீமாட்டியின் கண்ணைக் கழற்றி, முதலில் பொருத்த வந்தவர் சொன்னாரே மாடியின் நடு உத்தரம், அங்கே மாட்டுவது என் திட்டம். கம்பி நீளம் போதவில்லை. வெள்ளிக்கிழமையே கடையில் கூடுதல் கம்பி வாங்கிவைத்திருந்தேன். மின்சாரம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சிவப்பைச் சிவப்போடு சேர்க்க வேண்டும், செருப்புப் போட்டிருக்க வேண்டும் என்பதுதான்.

சத்தம் கேட்டு மாமா மேலே வந்தார். படிக்கட்டின் முனையில் நின்றார். இரண்டு பக்கமும் தட்டிகளில் திராட்சை சுருங்கிக் கிடந்தது. நடுவில் ஏணி மேல் நான்.

"என்ன பண்ற?"

"இவளை உங்க சமையல்கிட்டேருந்து காப்பாத்துறேன்."

நான் கத்தி முனையால் திருகாணியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழுக்கியது. இன்னொரு தடவை வழுக்கியது. கத்தி கீழே விழுந்தது.

குனிந்து எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. இறங்கிப் போய்விட்டார். சரி, கோபம் என்று நினைத்தேன். மெதுவாக, ஒவ்வொரு படியாக, திரும்ப ஏறி வந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"இது துயிலியோவோடது" என்றார். "கத்தியால பண்ணா திருகாணி தலை கெட்டுப்போகும்."

நீட்டினார். வாங்கினேன். முடியும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 10, திங்கள்

வறண்ட காற்று. மதியம் பொலெண்டா, மாவோடு. ஜன்னல்கள் திறந்தே இருந்தன. தெக்லாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "செத்துட்டியோன்னு நினைச்சேன். வாணலி வீணாப் போகுதேன்னு கவலை" என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய், சான் மார்த்தினோ

கஷ்கொட்டை சுட்டோம். புது ஒயின் திறந்தோம். என் இரண்டு பெட்டிகளையும் ஃபோஸ்காவே காரில் ஏற்றினாள். வழியெல்லாம் இந்த வருட ஒயினின் புளிப்பைப் பற்றிப் பேசினாள். வெரோனா நிலையத்தில் ரயில் வந்தபோதும் புளிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சளி" என்றாள்.

நவம்பர் 15, சனி

என் தலைமுடியில், தலையணையில், இந்த நோட்டில், எல்லாவற்றிலும் மத்தி மீன் எண்ணெய். மாமா போன் செய்தார். சீமாட்டி நலம் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே பத்துப் பொட்டலம் கட்டினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மறுபடி போன். "ஃபோஸ்கா நேத்து ராத்திரி ஒரு கதை சொன்னா. அவ சின்ன வயசுல என் விசிறிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்குவாளாம். எனக்குத் தெரியவே தெரியாது." அரைமணி நேரம் இதையே சொன்னார். வரிசையில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

கால்வாயில் எதிர்க்கரை தெரியாத பனி. மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் மாமாவின் குரல்.

"அங்க பனியா?"

"கண்ணே தெரியல மாமா. அங்க?"

"இங்கயும்தான். அவ மூடிட்டா."

சும்மா இருந்தார். நானும் வேடிக்கையாக எதையும் சொல்லாமல் சும்மா இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"நீ போகாம இருந்திருக்கலாம்" என்றார்.

தெக்லா வாணலியில் மீனைப் போட்டாள். அந்த இரைச்சலில் என் குரல் உடைந்தது அவருக்குக் கேட்டிருக்காது.

"அடுத்த ஞாயிறு சாப்பிட வாங்க மாமா. ஃபோஸ்காவையும் கூட்டிட்டு. பொரிச்ச மீன் தர்றேன்."

"உலர்த்துற காலத்துலயா? வீட்டை விட்டுட்டா? அறுபது வருஷமா இந்தக் காலத்துல நான் எங்கயும் போனதில்லையே. ஜன்னலை யாரு பார்ப்பா?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. யாரிடமோ ஏதோ கேட்டார். ஃபோஸ்கா ஏதோ சொன்னாள், சிரித்தாள் போலிருந்தது.

"வெரோனாவிலேருந்து உங்க ஊருக்கு ரயில் எத்தனை மணிக்கு?" என்றார்.